சொல்தா வீட்டு அத்தை

வாக்காளர் இடாப்புக்குப் பெயர் பதிய ஒரு கிராம சேவகர், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். புதியவர், சிங்களவர், நல்ல மனிதர். முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டு வந்து, அத்தையின் வாசலில் நின்று, "நம மொகத்த, அம்மே?" என்று பெயரைக் கேட்டார்.

அத்தை அடுப்பங்கரையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மொகடத?" என்றார். எதுக்கு என்று.

ஓட்டுப் போடத்தான் என்று அவர் சொன்னார். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

"எலெக்சன் எப்பயாம்?"

"அது இன்னும் தெரியாதாம் அத்தை."

"தெரிஞ்ச பொறகு வரச் சொல்லு."

கிராம சேவகர் சிரித்துவிட்டார். பிறகு தோட்டத்து ஆபீசுக்குப் போய், வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் இருந்த பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டாராம். செக்ரோலில் அத்தைக்கு ஒரு பெயர், பிறப்புப் பதிவில் வேறு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொன்று. மூன்றும் எனக்குத் தெரியும். இங்கே ஒன்றையும் எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவர் யாருக்கும் தராததை, இறந்து இருபது வருடத்துக்குப் பிறகு நான் எடுத்துக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

அவர் என் அப்பாவின் அக்கா. வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழுந்தெடுத்து, அங்கேயே இறந்தார். இத்தனை நாள் கழித்து அவரை நினைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் என் மகள்.

போன வருடம் அவள் கொழும்பில் ஒரு பயிற்சி என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து போனாள். பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ஒன்பது நாள் கழித்து ஏதோ ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஏஜென்ட் ஒருவன் பிரான்சுக்கு அனுப்புவதாகச் சொல்லி, வழியில் ஒரு நகரத்தில், ஒரு மாடி அறையில் பதினொரு பேரோடு பூட்டி வைத்திருந்தான். அது எந்த நகரம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்பது நாள். பிறகு அந்த நாட்டுப் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. வந்த நாளிலிருந்து நான் பாடசாலை விட்டு வீட்டுக்கு வரும்போது முதலில் வாசலில் அவளுடைய செருப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கணிதம் படிப்பிக்கிற ஆள், வகுப்பில் நின்றபடி இரண்டு தடவை கணக்கின் வழியை மறந்து போனேன்.

மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் ஒருநாள் சொன்னாள்: "அப்பா, நம்ம சொல்தா பூட்டன் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவருதானே? அப்ப அவரு பிரெஞ்சுக்காரரு. அத நிரூபிச்சா நான் திருட்டுத்தனமா போகத் தேவையில்ல."

அப்படித்தான் தேடத் தொடங்கினோம். அவள் போகக்கூடாது என்றுதான் எனக்கு. ஆனால் போகத்தான் போகிறாள் என்றால் நேர் வழியில் போகட்டும் என்று இருந்தது. இது சரிவராவிட்டால் அவள் மறுபடியும் ஒரு பையைத் தூக்குவாள் என்ற பயம் எனக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது.

அத்தையிடம் எதைக் கேட்டாலும் முதலில் "எதுக்கு?" என்றுதான் வரும். மணி கேட்டாலும் அதுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், "என்ன வயசும்மா?" என்றார். "எதுக்குங்க?" "மருந்து அளவு பாக்கணும்." "ஆளைப் பாத்தாலே தெரியுதே, பாத்து ஊத்துங்க." அவரும் பார்த்து ஊற்றினார்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், கங்காணி அவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் வரவில்லை. அவள் கொழும்புக்கு வேலை தேடிப் போயிருந்தது அத்தைக்குத் தெரியும்.

"எங்க அவ?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"பேர் போட வேணாமா?"

"வந்து நிக்கிறவங்களுக்குப் போடுங்க கங்காணி. அதுக்கே உங்களுக்கு நேரம் பத்தல."

பெரட்டில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதனால்தான் லயத்தில் யாருக்கு எந்த ரகசியம் இருந்தாலும் அது அத்தையிடம் இருந்தது. நம்பிச் சொல்வார்கள். ஆனால் யாரும் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. தன் பக்கத்திலிருந்து ஒன்றும் தராதவரோடு எவ்வளவு நேரம்தான் உட்காரலாம்?

அவருடைய கணவர் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த குடும்பம். அவர்கள் முறை வந்தபோது அவர் கப்பலேறிப் போனார். எங்கள் தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, வாதம் வந்து பேச்சில்லாமல் பல வருடமாகக் கிடந்தார். அவரை விட்டுவிட்டுப் போக அத்தையால் முடியவில்லை. பின்னால் வருகிறேன் என்று சொன்னாராம். தாத்தா இறந்த பிறகும் போகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஆசிரியர் நியமன விண்ணப்பம் வந்தபோது அதில் தகப்பன் வழியில் யார் எங்கே பிறந்தார்கள் என்று ஒரு பகுதி இருந்தது. நான் பாரத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

"அத்தை, பூட்டன் எந்த ஊர்லருந்து வந்தாரு?"

"எதுக்கு?"

"பாரத்துல கேக்குறாங்க."

"உங்கப்பா பாரத்துல என்ன இருக்கோ அதயே போடு மருமகனே. ஒரு எழுத்துக் கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அப்பாவின் பாரத்தில் 'இத்தோட்டம்' என்று இருந்தது. அப்படியே பார்த்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். பாரத்தை மடித்து உறைக்குள் வைத்து ஒட்டிய பிறகு, விறகைக் கட்டிக்கொண்டே, நான் கேட்காமலே அத்தை பேச ஆரம்பித்தார்.

பூட்டன் காரைக்கால்காரர். அந்தப் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்பார்களாம். அவர் வெள்ளைக்காரன் நாட்டுக்கே போய்ச் சண்டை போட்டுத் திரும்பியவர். திரும்பி வந்து, மனைவியையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு, ஊரில் யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்து மண்வெட்டி பிடித்தவர். பெரட்டில் மற்றவர்கள் குளிருக்குக் கூனிக்கொண்டு நிற்பார்கள். அவர் மட்டும் நட்ட கம்புபோல நிற்பாராம். "நீ பட்டாளத்தில் இருந்தவனா?" என்று தோட்டத்துத் துரையே கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"சின்னப் புள்ளைங்கள வரிசையா நிப்பாட்டி ஆன், தெ, ஆன், தெ-ன்னு பிரெஞ்சுல எண்ணி நடக்க வைப்பாரு. நானும் நடந்திருக்கேன்," என்றார் அத்தை. "சண்டையப் பத்திக் கேட்டா, குதிரை சேத்துல முங்குனதப் பாத்தேன்னு மட்டும் சொல்லுவாரு. வேற ஒன்னும் சொல்ல மாட்டாரு."

விறகுக் கட்டின் முடிச்சை இறுக்கினார். அவ்வளவுதான். அத்தை எதையும் சொல்லாதவர் என்று நாங்கள் நினைத்தோம். அது முழுதும் சரியில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. எதற்கும் பயன்படாத நேரத்தில், எழுதிக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில், அவர் சொல்வார்.

ஒரு சம்பவத்தை மட்டும் என்னால் இன்றைக்கும் அமைதியாக நினைக்க முடியாது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய விடுமுறை. பீலியில் அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொடுக்கப் போயிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதர் மேட்டில் ஏறி வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். அத்தையை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, அந்த அம்மா வீடு எது என்று அத்தையிடமே கேட்டார்.

"எதுக்கு?"

"ஒரு சேதி சொல்லணும்."

"அப்படி ஒருத்தியும் இங்க இல்லைங்க. முன்ன இருந்தாங்க போல. இந்தியாவுக்குப் போயிட்டாங்க."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அங்கருந்துதாங்க வர்றேன்," என்று மெதுவாகச் சொன்னார். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. மனிதர் வந்த வழியே இறங்கிப் போனார்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அத்தையின் கணவர் இறந்துவிட்டார். அதற்கு முன் படுக்கையில் கிடந்தபோது, இலங்கைக்குப் போகிற ஒருவரிடம், அவளை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போனவர், அந்த ஆள் அங்கே இல்லை என்று திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்.

அப்பா கடிதத்தை வாசித்து முடித்தார். அத்தை அழவில்லை. "கையில காகிதம் வச்சிருந்தாரே அந்த ஆளு," என்றார். அதை வேறு வேறு குரலில் மூன்று நான்கு தடவை சொன்னார். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

என் மகள் இணையத்தில் தேடி, பிரான்சிலுள்ள பழைய பட்டாளப் பதிவுகளில் பூட்டனைக் கண்டுபிடித்தாள். தொலைபேசியிலேயே பிரெஞ்சு படித்து, அவர்களுக்கு எழுதி, ஒரு பக்கத்தின் பிரதியை வாங்கிவிட்டாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் காரைக்கால், இடது புருவத்தில் தழும்பு, கடைசியாகக் கொழும்புக்குப் போக அனுமதி கேட்டதாக ஒரு வரி. அந்த வரியை அவள் எனக்கு வாசித்துக் காட்டியபோது, திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். என்னைவிட வயதில் சிறிய பெண். நிதானமாகப் பேசினார்.

"இலங்கைப் பக்கத்துல நீங்க என்ன வச்சிருக்கீங்க சேர்? அந்தச் சொல்தாவும் உங்க பூட்டனும் ஒரே ஆள்னு காட்ட ஏதாவது?"

இறந்துபோன அப்பாவின் பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பிரஜாவுரிமை விசாரணையில் எங்கள் குடும்பத்துக்காகக் கொடுக்கப்பட்ட சத்தியக்கடதாசி. தாத்தாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்ததால் மூத்த பிள்ளையான அத்தை கொடுத்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு, கீழே தமிழில் அவருடைய கையெழுத்து. தன் பாட்டனார் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார், தகப்பனாரும் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சத்தியம் செய்திருந்தார். அதை வைத்துத்தான் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பாவுக்கு, தம்பிக்கு, எனக்கு, என் வேலைக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அந்த ஒரு தாள்.

சட்டத்தரணி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் உண்மையா இருக்க முடியாது," என்றார்.

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது எனக்கு அத்தைமேல் கோபம் வந்தது. பூட்டனின் பட்டாளப் புத்தகம் ஒன்று இருந்தது, பதக்கம் ஒன்று இருந்தது என்று அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். அவை எங்கே? என் பிள்ளையை அந்த அறையில் பூட்டியது ஏஜென்ட்தான். ஆனாலும் எங்கேயோ அத்தையின் கையும் அதில் இருப்பதுபோல் ஒரு எண்ணம். பிழையான எண்ணம்தான். பயந்தவனுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது.

தலவாக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹாஜியாருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவருடைய வாப்பா காலத்தில் எங்கள் தோட்டத்தார் எல்லோரும் அங்கேதான் சாமான் எடுப்பார்கள். பூட்டனைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அது அந்தக் கடைதான் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒங்கட அத்தைய மறக்க ஏலுமா சேர்?" என்று சிரித்தார் ஹாஜியார். "என்ன வேணும்டு கேட்டா எதுக்குன்டு கேப்பாங்க. சாமான் தாறதுக்குத்தான் அக்கான்டு நான் சொல்லுவேன். வாப்பா ஒருநாள் எல்லாருக்கும் முன்னுக்கு, வாங்க சொல்தா வீட்டுப் புள்ளன்டு கூப்பிட்டுட்டாரு. அதுக்குப் பொறகு ஒரு வருசம் கடைப்பக்கம் வரல்ல."

"பொறகு வந்தாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"வந்தாங்க மகள். விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த நேரம். ஒரு துணியில சுத்தி சின்னப் புத்தகம் ஒன்டு, பதக்கம் ஒன்டு. வாப்பாக்கு முன்னுக்கு வச்சி, இது நல்லதா கெட்டதான்டு கேட்டாங்க. அவருக்குப் பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா அவர் சொன்னாரு, புள்ள, இதக் காட்டினா சிலோன்காரன்டும் எடுக்க மாட்டான், இந்தியாக்காரன்டும் எடுக்க மாட்டான், நீங்க நடுக்கடல்லதான் நிக்கோணும்டு."

ஹாஜியார் கடையின் ஒரு மூலையைக் காட்டினார். "அது சரியா பிழையான்டு இன்டைக்கும் எனக்குத் தெரியாது. வாப்பாக்கும் தெரியாது. நான் பத்திரமா வச்சிக்கிறேன்டு கேட்டாரு. ஒங்கட அத்தை எதுக்குன்டாங்க. நாங்க தேத்தண்ணி ஊத்துற அடுப்பு அப்ப அந்த மூலையில. அதுல போட்டாங்க. அட்டை தடிப்பு, எரிய நேரமெடுத்திச்சி. எரிஞ்சி முடியுமட்டும் நின்டாங்க. பதக்கத்த ஆத்துல போட்டதா கேள்வி. அத நான் பாக்கல்ல."

"அவங்களுக்கு அப்ப எத்தன வயசு?" என்றாள் மகள்.

"ஒங்கட வயசுதான் இருக்கும்."

மகள் அந்த மூலையைப் பார்த்தாள். இப்போது அங்கே மென்பானக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழும்பில் பயிற்சி என்று சொன்ன அன்றைக்கும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்த நேரத்தில் அத்தையின் முகமும் இப்படித்தான் இருந்தது. ஒருவர் குடும்பத்தை நாட்டுக்குள் வைப்பதற்காக, யாரிடமும் சொல்லாமல் செய்தார். இன்னொருத்தி வெளியே போவதற்காக, யாரிடமும் சொல்லாமல் செய்தாள். இரண்டு பேருக்கும் இடையில், பாரத்தைப் பார்த்து எழுதிய நான் இருந்தேன்.

சட்டத்தரணி சொன்ன வழி இதுதான். ஹாஜியார் தான் கண்டதைச் சத்தியக்கடதாசியாகக் கொடுக்க வேண்டும். நான் இன்னொன்று கொடுக்க வேண்டும்: அத்தையின் பழைய சத்தியம் பொய் என்று.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வேணாம்ண்ணே," என்றான் உடனே. "நம்ம எல்லாருக்கும் சேத்துத்தான் அத்தை அதச் சொன்னாங்க. நாளைக்கு எவனாவது கிளறுனா?" சட்டம் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, இனி யாரும் கிளற மாட்டார்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். என் அறிவுக்கும் அது புரிந்தது. ஆனால் கையெழுத்துப் போடுகிற அன்று காலையில் அப்பாவின் ஃபைலை மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

ஹட்டனில் சட்டத்தரணி, நான் கொடுக்க வேண்டிய சத்தியக்கடதாசியை வாசித்துக் காட்டினார். எனது அத்தை, உண்மையை அறிந்திருந்தும், பொய்யான கூற்றை அளித்தார்.

"பொய்ங்கிறத எடுக்க ஏலுமா மிஸ்?"

"தெரிஞ்சே மாத்திச் சொன்னாங்கன்னு இருக்கணும் சேர். தெரியாமச் சொன்னாங்கன்னா, அவங்களுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"ஏன் சொன்னாங்கன்னு ஒரு வரி போடலாமா?"

"போடலாம். ஆனா வாசிக்கிறவங்களுக்கு அது தேவைப்படாது." அவர் என்னைப் பார்த்தார். "பிரான்ஸ் பக்கம் என்ன சொல்லுவாங்கன்னும் நான் உறுதி தர மாட்டேன். இத்தன தலைமுறையா அவங்களோட தொடர்பே இல்லாத குடும்பம்."

"பரவால்ல, போடுங்க. அதோட இன்னொன்னும் போடுங்க. என் நியமனப் பாரத்துலயும் அதே பொய்ய எழுதியிருக்கேன். எழுதினப்ப முழுசாத் தெரியாது. தெரிஞ்ச பொறகும் திருத்தல."

"அது இதுக்குத் தேவையில்ல சேர். உங்க வேலைக்கே பிரச்சினை வரலாம்."

"இருக்கட்டும் மிஸ்."

மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். தட்டச்சு முடியும்வரை காத்திருந்து கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது நண்பகல். மழை விட்டிருந்தது. பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். வட்டகொடைப் பக்கம் போகும் பேருந்து புறப்பட நின்றது. நான் ஏறப் போனேன். அவள் ஏறவில்லை.

"அப்பா."

"ம்."

"என் பாஸ்போர்ட் வீட்ல இல்ல."

பேருந்தின் படியிலிருந்து காலை எடுத்தேன்.

"போன மாசமே இன்னொரு ஏஜென்ட் கிட்ட குடுத்துட்டேன். மஸ்கெலியாவுல இருக்காரு. இந்த இருபதாந் தேதி போறதுக்கு."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அங்கிருந்த சிமெந்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். வட்டகொடைப் பேருந்து போய்விட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு."

"போய் வாங்கினா தருவானா?"

"நான் தனியாப் போனா தர மாட்டாரு. நீங்க வந்தா தருவாரு. வாறீங்களா அப்பா?" என்றாள்.

எழுந்தேன். எதிர்ப்பக்கத்தில் மஸ்கெலியாப் பேருந்து நின்றது. ஏறி, அவள் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும் அவளே, "மஸ்கெலியா ரெண்டு," என்றாள்.